புட்டா இல்லாத பெட்டி

கோதண்டபாணி எந்தப் பெட்டியையும் திறக்க மாட்டார். பிரிப்பார். பற்பசைப் பெட்டியோ மாத்திரைப் பெட்டியோ, கையில் வந்ததும் திருப்பிப் பார்த்து, பசை ஒட்டிய ஓரம் எது என்று கண்டுபிடிப்பார். அந்த ஓரத்தில் வலது கட்டைவிரல் நகத்தைச் செருகி, அட்டை கிழியாமல் ஒரே இழுப்பாக மேலிருந்து கீழே இழுப்பார். பசை விடுகிற சின்னச் சத்தம் கேட்கும். பிறகு எல்லாப் பக்கங்களையும் விரித்து மேசைமேல் வைத்து, மடிப்புகளை உள்ளங்கையால் தேய்த்துத் தட்டையாக்குவார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஆறு இஞ்ச் இரும்பு ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். நீளமும் அகலமும் பார்த்துவிட்டு, பக்கத்தில் அதேபோல் இன்னொரு பெட்டி தலைகீழாகப் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, இரண்டின் மூடி நாக்குகளும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துமா என்று விரலால் மேசையில் வரைவார். பொருந்தினால் "ம்" என்பார். பொருந்தாவிட்டால் அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டுவார்.

அவர் வீட்டில் மாத்திரை அட்டைகள் டம்ளரிலும் பற்பசை ஜன்னல் கட்டையிலும் கிடக்கும். "இந்த ஆளு இருக்கற ஊட்ல பெட்டின்னு ஒண்ணு முழுசா இருக்காதுபா," என்று அவர் மனைவி லோகாம்பாள் ஒருமுறை என்னிடம் சொன்னார். "ஃபிரிட்ஜ் வந்த பெட்டிய நான் மொதல்லியே காயலாங்கடையில போட்டேன். இல்லன்னா அத்த விரிச்சு வெச்சுக்கினு தெருவுல படுத்திருப்பாரு."

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் எங்கள் அச்சகம். நான் அங்கே கம்ப்யூட்டரில் டிசைன் பார்க்கிறேன். கோதண்டபாணி முன் மேசையில் உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகையோ பில் புத்தகமோ புடவைப் பெட்டியோ அடிக்க வருகிறவர்களிடம் பேசி, இவ்வளவு ஆகும் என்று விலை சொல்வார். என் மேசைக்கும் அவர் மேசைக்கும் நடுவில் ஒரு ஃபேன்தான் இடைவெளி. அவர் பேசுவதில் ஒரு வார்த்தையும் எனக்குத் தப்பாது. தப்பினால் நன்றாக இருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ஏனாத்தூருக்கு அப்பால் ஒரு கிராமம் அவருக்கு. நெல் போடுகிற குடும்பம். பத்தொன்பது வயதில் அச்சகத்தின் வெட்டு மெஷினுக்கு வந்தவர், இருபத்திரண்டு வருஷம் அதன் முன்னாலேயே நின்றார். தாளை வெட்டுவது ஒரு வேலை. வெட்டி விழுந்த துண்டுகளைக் கோணியில் அள்ளி எடைக்கு அனுப்புவது இன்னொரு வேலை. எங்கோ ஒருவர் யோசிக்காமல் ஓர் அளவைச் சொல்கிறார், அதனால் இங்கே கோணி நிறைகிறது என்பது அவருக்கு அங்கேதான் புரிந்தது. தோள்பட்டை போன பிறகு பழைய முதலாளி அவரை முன் மேசையில் உட்கார வைத்தார். அப்போதிலிருந்து பதினோரு வருஷமாக, அந்தக் கோணியைப் பற்றித்தான் அவர் ஊர் முழுவதற்கும் பேசிக்கொண்டிருக்கிறார்.

யார் வந்தாலும் மூன்று விலை சொல்வார். கேட்டபடி செய்தால் ஒன்று. கால் இஞ்ச் குறைத்தால் ஒன்று. ஒரு கலரை எடுத்துவிட்டால் ஒன்று. எங்களிடம் இருக்கிற மெஷின் ஒரு தடவைக்கு ஒரு கலர்தான் அடிக்கும். நான்கு கலர் என்றால் அதே தாள் நான்கு தடவை உள்ளே போய் வர வேண்டும். இதையெல்லாம் அவர் வந்தவர்களுக்கு விளக்குவார். வந்தவர்களுக்கு அது வேண்டியிருக்காது. "எங்களால குடுக்க முடியாதுன்னு நெனச்சிட்டீங்களா?" என்று முகம் சுருங்கும்.

ஒருநாள் நான் சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொண்டிருந்த கவிதைத் தொகுப்பை வாங்கிப் புரட்டினார். கடைசிப் பக்க எண்ணைப் பார்த்தார்.

"அறுவத்தெட்டு. பதினாறு பதினாறாத்தான்பா தாள மடிக்கறது. நாலு பக்கம் அடக்கியிருந்தா அறுவத்துநாலுல முடிஞ்சிருக்கும். இந்த நாலு பக்கத்துக்குன்னு தனியா ஒரு தடவை மெஷின் ஓட்டியிருக்கான். எவ்ளோ எடம் வெள்ளையா விட்டிருக்கான் பாரு. ரெண்டு வரி, அப்புறம் ஒண்ணுமில்ல."

"அது அப்படித்தான் சார் எழுதுவாங்க."

"எழுதறவன் அப்படி எழுதட்டும். அச்சுக்காரன் சொல்ல வேணாவா?"

அச்சுக்காரன் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர் பிரச்சினையே. போன வைகாசியில் ஒரு கல்யாண வீட்டார் ஒன்பதேகால் இஞ்சில் சதுரப் பத்திரிகை கேட்டு வந்தார்கள். சதுரத்துக்கு ரெடிமேடு கவர் கிடையாது, கவரைத் தனியாகச் செய்ய வேண்டும், பத்திரிகையைவிட கவருக்கு அதிகம் ஆகும் என்றார் இவர். சொன்னதோடு நிற்கவில்லை. தாளைக் கிழித்து, மடித்து, மிச்சம் விழுகிற பட்டையைப் பெண்ணின் அப்பா கையில் கொடுத்து, "இந்தாங்க, இத்தயும் நீங்கதான் வாங்கறீங்க. ஊட்டுக்கு எடுத்துக்கினு போங்க," என்றார். அவர்கள் பட்டையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். அன்று மாலையே எங்கள் அச்சகத்தைப் பற்றி கூகுளில் ஒற்றை நட்சத்திரம் விழுந்தது. 'பிரிண்டிங் ஓகே. முன்னாடி உட்கார்ந்திருக்கும் பெரியவர் பாடம் எடுக்கிறார்.'

இப்போதைய முதலாளி ராம்ப்ரஸாத், பழையவருடைய மகன். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். குரலை உயர்த்த மாட்டார். அதனாலேயே அவர் சொல்வது கனமாக விழும். அந்த வரியை ஃபோனில் காட்டினார்.

"சார், இது நாலாவது."

கோதண்டபாணி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "பிரிண்டிங் ஓகேன்னுதான போட்டிருக்கான். அடிக்கவே இல்லியே, எப்படி ஓகேன்றான்?"

ராம்ப்ரஸாத் சிரிக்கவில்லை. "சந்தியான்னு ஒருத்தர் வருவா. ஆன்லைன்ல புடவை விக்கறா. மூவாயிரம் பெட்டி. இந்த வேலையை நீங்களே பேசி முடிங்கோ. இதுவும் கையை விட்டுப் போச்சுன்னா முன் மேசைக்கு நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன். நீங்க கோடவுன்ல பேப்பர் ஸ்டாக் பாத்துக்கலாம். சம்பளம் ஒண்ணும் குறையாது."

கோடவுன் என்பது பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை. ஒரு டியூப்லைட், கூரை வரை தாள் கட்டுகள். அங்கே மனிதர்கள் யாரும் வர மாட்டார்கள். கோதண்டபாணியோ ஆட்களிடம் பேசுவதற்காகவே தினம் ஷேவ் செய்துகொண்டு வேலைக்கு வருகிறவர். அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சோற்றைக் கிளறிவிட்டு, அப்படியே மூடி வைத்தார். "ஸ்டாக்கு பாத்துக்கணுமாம். கட்டு எங்கியாவது எழுந்து போயிடப் போகுதா, பாத்துக்கறதுக்கு," என்றார். பதில் எதிர்பார்க்கிற குரல் இல்லை அது.

சந்தியா வியாழக்கிழமை வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். அப்பா வீரபத்திரன் நெசவாளி. வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீடுகளிலும் நெய்கிற புடவைகளை அவள் ஃபோனில் படம் பிடித்துப் போட்டு, நேராக விற்கிறாள். அதுவரை பிளாஸ்டிக் கவரில் அனுப்பிக்கொண்டிருந்தவள், இனி தன் பெயர் போட்ட பெட்டியில் அனுப்ப வேண்டும் என்று தீர்மானித்திருந்தாள். சென்னையில் தெரிந்த யாரோ போட்டுக்கொடுத்த டிசைனைக் காட்டினாள். அரக்கு நிறத்தில் உடல், அதில் சிதறிய சின்னச் சின்னத் தங்கநிறப் பூக்கள், அதாவது புட்டா, சுற்றிலும் மாம்பழ மஞ்சளில் பார்டர். அசல் புடவையையே மடித்து வைத்ததுபோல் இருந்தது.

"அளவு பதினாலரைக்குப் பத்து. உயரம் ஒண்ணே முக்கால்," என்றாள்.

கோதண்டபாணி குறித்துக்கொண்டார். பேனா நின்றது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ராம்ப்ரஸாத் உட்கார்ந்திருந்தார். கோதண்டபாணி அங்கே ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"பதினாலரை ஏம்மா? பதினாலு வெச்சுக்கலாமே."

"அப்பா குடுத்த அளவு சார். பதினாலரைன்னாரு."

"அரை இஞ்ச் கொறைங்கம்மா."

"அரை இஞ்சுக்குப் போயி இவ்ளோ யோசிக்கறீங்க?"

"அது அரை இஞ்ச் இல்லம்மா. பாதி அட்டை."

மேசைக்குக் கீழிருந்து முழு அட்டை ஒன்றை உருவி விரித்தார். முப்பத்தாறு இஞ்ச் நீளம். பெட்டி பதினாலு இஞ்ச் என்றால், இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து விரித்தபோது பதினேழரை வரும். முப்பத்தாறில் இரண்டு பெட்டி விழும், ஓரம் வெட்டக் கொஞ்சம் இடமும் மிஞ்சும். பதினாலரை என்றால் பதினெட்டு. பதினெட்டும் பதினெட்டும் முப்பத்தாறுதான். ஆனால் ஓரம் வெட்ட இடமே இருக்காது. ஆகவே ஒரு பெட்டிதான் விழும். மீதிப் பாதி கோணிக்குப் போகும். இதை அவர் அட்டையை மடித்தே காட்டினார். நான் இதற்கு முன்னால் பார்த்திராத பொறுமையுடன் காட்டினார். பாதி அட்டையை அவள் கையில் கொடுக்கக்கூட இல்லை.

அவள் கவனமாகப் பார்த்தாள். புரிந்தும் இருந்தது. ஆனால் தலையை ஆட்டினாள். "அளவுல மட்டும் கை வெக்க முடியாது சார். எங்க அப்பாகிட்ட அளவப் பத்திப் பேசினா அன்னிக்கு ஊட்ல சோறு எறங்காது. வேற எங்கியாவது கொறைச்சுக்கலாம்."

"வேற எங்கம்மா?"

அவள் டிசைனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். விட்டுக்கொடுப்பது அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"சரி. உடல்ல ஒண்ணும் வேணாம். பிளைனா விட்ருங்க. பார்டர் மட்டும் இருக்கட்டும்."

கோதண்டபாணி நிமிர்ந்தார். "நெஜமாவா சொல்றீங்க?"

"நல்லாத்தான் சார் இருக்கும். பிளைனுக்குன்னே கேக்கறவங்க இருக்காங்க."

"ரொம்ப நல்லா இருக்கும்மா. பதினோரு வருஷமா இந்த வார்த்தைய எவனாச்சும் சொல்லுவானான்னு காத்துக்கினு இருக்கேன்."

கால்குலேட்டரைத் தட்டினார். பார்டர் மட்டும்தான் அச்சு, நடுவில் வெறும் வெள்ளை அட்டை. மை கொஞ்சம், மெஷின் ஓட்டமும் குறைவு. பாதி அட்டை வீணாவதை அது ஈடுகட்டிவிடும். சொன்ன விலையைக் கேட்டு அவளுக்கும் சந்தோஷம். இருவரும் சிரித்துக்கொண்டே பேசி முடித்தார்கள். பிளைன் என்று அவள் சொன்னபோது அவள் விரல் ஃபோனில் அந்த அரக்கு நிறத்தின்மேல் இருந்ததை நான் பார்த்தேன். ஒரு தடவை கேட்டுவிடலாமா என்று தோன்றியது. கேட்காமல் என் திரைக்குத் திரும்பினேன்.

அந்த வாரம் முழுதும் அவர் முதலாளிக்கு வணக்கம் வைத்த விதமே வேறாக இருந்தது. கோடவுனுக்கு அட்டை எடுக்கப் போனால்கூட, வேறு யாருடைய வீட்டுக்கோ போவதுபோல் கதவைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு இரண்டு நாள் டீ வாங்கிக் கொடுத்தார்.

புதன்கிழமை காலை அவளிடமிருந்து திருத்திய டிசைன் மெயிலில் வந்தது. திறந்தேன். திரை முழுக்க அரக்கு. ஒரு பூ இல்லை, ஒரு கோடு இல்லை. விளிம்பில் மாம்பழ மஞ்சள்.

"சார், இங்க வாங்க."

வந்து பின்னால் நின்றார்.

"இன்னாபா இது?"

"அவங்க அனுப்பின பிளைன் சார்."

"இதுவா பிளைனு?"

ஃபோன் செய்தார். அரைமணி நேரத்தில் சந்தியா வந்துவிட்டாள். வரும்போதே வேர்த்திருந்தாள்.

"இன்னா சார் தப்பு? நீங்க சொன்னபடி புட்டா எல்லாத்தையும் எடுத்தாச்சே."

"பிளைன்னு சொன்னீங்களேம்மா."

"பிளைன்தான் சார் இது. புட்டா இல்லன்னா பிளைனு. எங்க தெருவுல யாரக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. உடல் பிளைனா இருந்தா வேல கம்மி, வெல கம்மி. புட்டா ஏற ஏறத்தான் வெல ஏறும்."

"அது தறியிலம்மா. அச்சுல பிளைன்னா ஒண்ணுமே அடிக்காம விட்டது. வெறும் அட்டை."

"வெள்ளையா?" அவள் நிஜமாகவே திகைத்தாள். "கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கறவங்களுக்கு வெள்ளப் பெட்டியில வெச்சுக் குடுப்பாங்களா சார்? எங்கம்மா பாத்தா அந்தப் பெட்டியால என்னயே அடிப்பாங்க."

அவர் தன்னை அடக்கிக்கொண்டுதான் ஆரம்பித்தார். முழு அரக்கு என்றால் தாள் முழுக்க மை குடிக்கும், ஒரு ஓட்டத்தில் திட்டுத் திட்டாக விழும், இரண்டு ஓட்டம் வேண்டும். காய நேரமாகும். மடிக்கிற இடத்தில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். அது தெரியாமலிருக்க மேலே லேமினேஷன் போட வேண்டும். சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. அட்டையில் ஏற்கெனவே பாதி வீண். இப்போது இது வேறு. பிறகு, அவர் வாழ்க்கையில் சொன்ன எதையும்விட உண்மையான ஒன்றைச் சொன்னார்.

"இதுக்கு உங்க பழைய டிசைனே மேலும்மா. உடம்பு பூரா புட்டா இருக்கட்டும். எவ்ளோ நெறைய இருக்குதோ அவ்ளோ நல்லது. பார்க்கறவன் கண்ணு பூவுல போயிடும், மை திட்டா இருந்தாலும் தெரியாது. அரக்குக்கு ஒரே ஓட்டம் போதும், பூவ பார்டர் மஞ்சளோடயே அடிச்சுடலாம். அதுதான் கொறைச்சல்."

சந்தியா அவரைப் பார்த்தாள். ஏமாற்றுக்காரன் என்று முடிவு செய்துவிட்ட பார்வை அது. நெசவு வீட்டில் பிறந்தவளிடம், பூ கூடினால் செலவு குறையும் என்று ஒருவர் சொல்கிறார்.

"போன வாரம் புட்டாவ எடுத்தா கொறையும்னீங்க. இப்ப போட்டா கொறையுதா? ஒரு புட்டாவுக்கு எங்க ஊட்ல எத்தன தடவை கைய மாத்தணும் தெரியுமா உங்களுக்கு?"

"அச்சுல கையே இல்லம்மா. ஒரு பூவும் ஆயிரம் பூவும் ஒரே பிளேட்டு."

"அப்ப ஒரு பூவுக்கும் ஆயிரம் பூவுக்கும் ஒரே காசு வாங்குவீங்களா?"

"ஆமாம்மா."

"நல்லா இருக்குது சார் நியாயம்."

அப்போதுதான் அவருக்கு உடைந்தது. எழுந்து நின்றார். "பதினோரு வருஷமா ஒவ்வொருத்தனுக்கும் இத்தத்தாம்மா சொல்லிக்கினு இருக்கேன். எனக்கு இதுல ஒரு பைசா கெடையாது. நீங்க அதிகமா குடுத்தா முதலாளிக்குத்தான் லாபம். உங்க காசு கோணியில போவுதேன்னு நான் அடிச்சுக்கறேன், நீங்க என்னயத் திருடன் மாதிரி பாக்கறீங்க. பாடம் எடுக்கறேனாம் பாடம். ஆமா, எடுக்கறேன். எவனாச்சும் ஒருத்தன் பாஸானானா?"

கண்ணாடிக் கதவு திறந்தது. ராம்ப்ரஸாத் வந்து சந்தியாவிடம் மன்னிப்புக் கேட்டார். உள்ளே வந்து உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. கோபமாகவும் இல்லை. களைத்துப்போயிருந்தாள். "பரவால்ல சார். சென்னையில கேட்டுக்கறேன். அவங்க எதுவும் கேக்க மாட்டேங்கறாங்க, அளவ மட்டும் அனுப்புன்றாங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கோதண்டபாணி மேசை இழுப்பறையைக் காலி செய்தார். ஒரு பழைய காலண்டரும், ரப்பர் பாண்டுகளும், பிரித்துத் தட்டையாக்கிய பெட்டிகள் ஒரு கட்டும் இருந்தன. முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்பே கோடவுன் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதத்திலிருந்து முன் மேசைக்கு ஆள் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர் திரைதான். அளவு, கலர், எண்ணிக்கை மூன்றையும் அடித்தால் விலை வரும். யாரும் சண்டை போடுவதில்லை. கோணிகள் முன்னைவிடச் சீக்கிரம் நிறைகின்றன. கோடவுனுக்குப் பாரம் இறக்க வருகிறவர்களிடம் கோதண்டபாணி பேசிப் பார்த்தார். அவர்கள் காதில் பாட்டு மாட்டியிருக்கிறார்கள். ஷேவ் செய்துகொள்வது வாரத்துக்கு இரண்டு முறையானது. தை மாதம் வேலையை விட்டுவிட்டார். "ஊட்ல உக்காந்துக்கினு என் உயிர எடுக்கறாரு. கோலம் போட்டா, மாவு இவ்ளோ ஏன், புள்ளிய நெருக்கிப் போடுன்றாரு," என்றார் லோகாம்பாள்.

பங்குனியில் சந்தியா விசிட்டிங் கார்டு அடிக்க வந்தாள். திரையில் எப்படி அடிப்பது என்று தெரியாமல் நின்றதால் நான் எழுந்து போய் உதவினேன். பெட்டி எப்படி வந்தது என்று கேட்டேன். சென்னையில் முழு அரக்கில், லேமினேஷன் போட்டு, நன்றாகவே அடித்துக் கொடுத்தார்களாம். முதல் வருஷ லாபம் அதிலேயே போய்விட்டது என்றாள். ஒரே ஒரு குறை, உள்ளே புடவை ஆடுகிறது, அதனால் இரண்டு பக்கமும் டிஷ்யூ பேப்பர் திணிக்க வேண்டியிருக்கிறது.

"ஏன் ஆடுது? அளவு அப்பா குடுத்ததுதானே?"

"மடிச்ச புடவை பதிமூணே முக்கால் இஞ்ச்தாங்க. பதினாலு பெட்டியே சரியா இருந்திருக்கும். அப்பா எந்த அளவு சொன்னாலும் அரை சேத்துத்தான் சொல்லுவாரு. தறியிலேந்து எறக்கினா சுருங்கும்ல, அந்தப் பழக்கம். அன்னிக்கு அந்த சார் இத்தன பேசினாரு, புடவை எவ்ளோ நீளம்னு மட்டும் கேக்கவே இல்ல. நானும் பெட்டி வந்தப்புறம்தான் டேப்பு வெச்சுப் பாத்தேன்."